ஊர் எறிந்ததை எடுத்து ராஜ்யம் கட்டியவர்

மாலை ஐந்தரை மணி. ஆபீஸ் விட்டாயிற்று. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அறைக்கு வந்து சேர்கிறோம். கை கால் கழுவி, உலை வைத்து, ஊருக்கு ஒரு போன் பேசிவிட்டுப் படுத்தால் பொழுது போய்விடுகிறது. மறுநாள் மறுபடியும் அதே பஸ், அதே பைல். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு இதுதான் வாழ்க்கை. 'இந்த ஊரில் நமக்கென்று என்ன இருக்கிறது?' என்று ஒரு தடவையாவது நினைக்காதவர் இருக்க மாட்டார்.

இதேபோல வேற்றூருக்குப் பிழைக்க வந்த ஒரு சின்ன உத்தியோகஸ்தர், வேலை முடிந்து கிடைத்த நேரத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் கலைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. சிற்பி வீட்டுப் பிள்ளையும் அல்ல. பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். பெயர் நேக் சந்த். சண்டிகர் நகரத்து 'ராக் கார்டன்' என்ற பாறைத் தோட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. போய்ப் பார்த்தவர்களும் உண்டு. அதை உண்டாக்கியவர் ஓர் அகதி, அரசாங்க ஊழியர், சட்டத்துக்குப் பயந்து பயந்து இரவில் வேலை செய்தவர் என்பது பார்த்துவிட்டு வந்தவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

எல்லைக்கு அப்பால் போன ஊர்

நேக் சந்த் 1924-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, பஞ்சாபில் ஷக்கர்கர் பகுதியைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1947-ல் தேசம் பிரிந்தபோது அந்தக் கிராமம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. லட்சோப லட்சம் குடும்பங்களைப் போல அவருடைய குடும்பமும் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது.

நமக்காவது விடுமுறை கிடைத்தால் ரயிலேறிச் சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வர முடிகிறது. அவர் ஊருக்குப் போகும் பாதையில் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. குழந்தைப் பருவத்தில் அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகளும், ஆற்றோரத்தில் கல்லையும் களிமண்ணையும் வைத்து விளையாடிய ஞாபகமும்தான் அவரோடு வந்த சொத்து.

1951-ல் அவருக்குச் சண்டிகரில் ரோடு இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது. அப்போது சண்டிகர் என்ற நகரமே இன்னும் உருவாகவில்லை. பஞ்சாபின் தலைநகரமாக இருந்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், இந்தியப் பஞ்சாபுக்குப் புதிதாக ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. பிரான்சில் புகழ்பெற்றிருந்த லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, பிரதமர் நேருவின் ஆதரவுடன் நகரம் எழும்பத் தொடங்கியது. நேர்க்கோடு போட்ட சாலைகள், நம்பர் போட்ட செக்டார்கள், மலை மலையாகக் கான்கிரீட்.

புது நகரம் வெற்றிடத்தில் எழும்பவில்லை. அங்கே இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. அவற்றைக் காலி செய்துதான் செக்டார்களை வகுத்தார்கள். இடிந்த வீடுகளின் ஓடுகள், உடைந்த பானைகள், குழந்தைகள் விட்டுப்போன பொம்மைகள், பெண்களின் வளையல் துண்டுகள் என்று எல்லாமே குப்பையாயின. புது நகரமும் தன் பங்குக்குக் குப்பையைக் கொட்டியது. காலியான தார் பீப்பாய்கள், உடைந்த கக்கூஸ் பேசின்கள், ஒதுக்கப்பட்ட மின்சார சாமான்கள், வளைந்த கம்பிகள், கட்டி தட்டிப்போன சிமெண்டு மூட்டைகள் எங்கும் கிடந்தன. ரோடு போடுவதை மேற்பார்க்கும் இன்ஸ்பெக்டரின் கண்ணில் தினமும் படுபவை இவைதான்.

எல்லோரும் குப்பை என்று பார்த்ததை அவர் அப்படிப் பார்க்கவில்லை. தம்மைப் போலவே வீடிழந்த சாமான்கள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, 1950-களின் கடைசியில் அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தார்.

சைக்கிளும் இருட்டும்

நகரத்தின் வடகோடியில், சுக்னா ஏரிக்கும் தலைமைச் செயலகம், ஹைகோர்ட் முதலிய பெரிய கட்டடங்களுக்கும் இடையில் ஒரு காட்டுப் பகுதி இருந்தது. அங்கே யாரும் எதையும் கட்டக் கூடாது என்று விதி. புதர் மண்டிய ஓடைப் பள்ளம். பகலிலேயே ஆள் நடமாட்டம் கிடையாது. நேக் சந்த் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். சிவாலிக் மலையடிவாரத்து ஆற்றுப் படுகைகளுக்குப் போய், பறவையைப் போலவும் மிருகத்தைப் போலவும் மனித முகத்தைப் போலவும் வடிவம் கொண்ட கற்களைத் தேடி எடுத்து, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு நடைக்கு எத்தனை கல் வரும்? நாமும் மண்ணெண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளியவர்கள்தாமே! அப்படி ஆண்டுக்கணக்கில் சேர்த்தார். காட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதரை வெட்டி, தரையைச் சமப்படுத்தி, கற்களை நிறுத்தினார். பிறகு சிலைகள் செய்ய ஆரம்பித்தார்.

செய்யும் விதத்தை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ரோடு வேலையில் பழகிய கைக்குச் சிமெண்டும் ஜல்லியும் புதியவை அல்ல. பழைய சைக்கிளின் இரும்புச் சட்டம், குழாய்த் துண்டு, கம்பி ஆகியவற்றை வளைத்து எலும்புக்கூடு மாதிரி நிறுத்துவார். அதன் மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி உருவம் பிடிப்பார். கலவை ஈரமாக இருக்கும்போதே உடைந்த கண்ணாடி வளையல்களையோ பீங்கான் துண்டுகளையோ பதித்துவிடுவார். வளையல் துண்டுகள் சிலைக்குச் சேலையாகிவிடும். கோப்பைத் துண்டுகள் சட்டையாகிவிடும். குதிரைக்கு உடம்பு, குரங்குக்கு வால், தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கு இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பிறந்தன.

பெரும்பாலான வேலை இரவில் நடந்தது. பழைய டயர்களைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். பாம்பும் கொசுவும் குடியிருந்த காட்டில், பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த ஒரு மனிதர், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே சிலை செய்தார். விருதுக்காக அல்ல, கூலிக்காக அல்ல. யாருக்காவது தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்பதுதான் நிலைமை. இப்படிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

அகப்பட்டுக்கொண்டார்

1970-களின் முற்பகுதியில் விஷயம் அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது. காட்டுக்குள் போனவர்கள் திகைத்துப் போனார்கள். ஏக்கர் கணக்கில் முற்றங்கள், பாதைகள், சுவர்கள். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான உருவங்கள். தலைநகரத்தின் மூக்கடியில், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கீழ்மட்ட ஊழியர் அனுமதியில்லாமல் ஒரு ராஜ்யத்தையே கட்டி வைத்திருந்தார்.

அரசாங்க ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். கட்டக் கூடாத அரசாங்க நிலம். கட்டியவர் அரசாங்க ஊழியர். நோட்டம், குறிப்பு, விளக்கம் கேட்டு மெமோ, சஸ்பென்ஷன், இடிப்பு உத்தரவு என்று பைல் எப்படி நகரும் என்பது நமக்குத் தெரியும். விதிப்படி பார்த்தால் அத்தனையையும் தரைமட்டமாக்கி இருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சண்டிகரைக் கட்டிய கொர்பூசியே நகரவாசிகளுக்கென்று ஒரு சாசனம் எழுதி வைத்திருந்தார். நகரத்திலோ பூங்காக்களிலோ தனி மனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சிலையே வேண்டாம் என்று நினைத்த நகரத்தில் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் சிலைக் கூட்டத்தையே நிறுத்திவிட்டார். ஆனால் ஒன்று, அவற்றில் ஒன்றுகூடத் தலைவரின் சிலை அல்ல. குடம் சுமக்கும் பெண்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், சிப்பாய்கள், கிராமத்து ஆட்கள், ஆடு மாடு, குரங்கு, மயில். பெயர் இல்லாத ஜனங்களின் சிலைகள். சாசனத்தை மீறினார் என்றுகூடச் சொல்ல முடியாது!

நல்ல காலமாக, பைலைப் பார்த்தவர்களில் சிலர் பொருளையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். நகரத்தின் நிலவனப்புக் குழுவின் தலைவராக இருந்த டாக்டர் எம்.எஸ். ரந்தாவா, இதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பக்கம் நின்றார். விஷயம் வெளியே பரவியதும் பொதுமக்களும் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். ஜனங்கள் பார்த்துவிட்ட பிறகு இடிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

1976-ல் தோட்டம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நேக் சந்துக்கு மெமோவுக்குப் பதிலாகப் பதவி உயர்வு வந்தது. 'சப்-டிவிஷனல் என்ஜினீயர், ராக் கார்டன்' என்ற பதவியும் அதற்குச் சம்பளமும், உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். இரவில் திருட்டுத்தனமாகச் செய்த வேலையைப் பகலில் சம்பளத்தோடு செய்யலாம் என்று ஆயிற்று. நகரத்தில் பல இடங்களில் கழிவுப் பொருள் சேகரிக்கும் மையங்கள் ஏற்பட்டன. தோட்டம் வளர்ந்துகொண்டே போனது. 1983-ல் அதன் பெயரில் தபால் தலை வெளிவந்தது. 1984-ல் நேக் சந்துக்கு 'பத்மஸ்ரீ' பட்டம் கிடைத்தது.

தலை குனிந்து போக வேண்டும்

தோட்டத்துக்குள் நுழைபவர்களுக்கு முதலில் தெரிவது வாசல்களின் உயரம்தான். பல வாசல்கள் தாழ்வானவை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். குறுகலான சந்து வளைந்து வளைந்து போகும். அடுத்து என்ன வரும் என்று தெரியாது. சட்டென்று ஒரு முற்றம் திறக்கும். அங்கே அவர் ஆற்றிலிருந்து சுமந்து வந்த கற்கள், அரசவையில் பிரபுக்கள் நிற்பது போல நிற்கும். இன்னொரு சந்து, இன்னொரு முற்றம்.

சுவர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒரு சுவர் முழுக்க மின்சாரப் பிளக்குகளும் ஹோல்டர்களும். இன்னொரு சுவரில் பீங்கான் தொட்டிகளின் துண்டுகள். தார் பீப்பாயை அச்சாக வைத்து எழுப்பிய மதில்கள். இரும்பு உலையிலிருந்து வந்த கசடு பாறையாகி நிற்கிறது. மேலிருந்து அருவி கொட்டுகிறது. சின்னப் பாலங்கள், மண்டபங்கள், மேடைகள் எல்லாம் கிராமத்துச் சாயலில் இருக்கின்றன. பிற்காலத்தில் கட்டிய பகுதியில் உயர உயரமான வளைவுகளில் ஊஞ்சல்கள் தொங்குகின்றன. கந்தல் துணியால் செய்த ஆளுயரப் பொம்மைகளும் அவர் கைவேலையில் சேர்ந்தவை. மொத்தம் சுமார் 40 ஏக்கர் என்கிறார்கள்.

சிலைகளின் முகங்களில் நகாசு கிடையாது. மகாபலிபுரத்துச் சிற்பத்தைப் பார்த்த கண்ணுக்கு இவை குழந்தை பிடித்த பொம்மைகள் போலத் தோன்றலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிடக் கூட்டமாகப் பார்க்க வேண்டும். மேட்டின் மேல் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்று நம்மையே பார்க்கிற அந்த ஜனக்கூட்டத்துக்கு முன்னால் நின்றால், எங்கோ விட்டுவந்த ஒரு கிராமத்தை ஆள் ஆளாக ஞாபகப்படுத்தி ஒருவர் திரும்பக் குடியமர்த்தி இருக்கிறார் என்பது புரியும்.

தபால்காரரும் கூலிக்காரரும்

இந்த மாதிரிப் படைப்புக்கு மேல்நாட்டார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'அவுட்சைடர் ஆர்ட்' என்பார்கள். 'வெளியாள் கலை' என்று தமிழில் சொல்லலாம். பள்ளிப் பயிற்சி இல்லாமல், கலை உலகத்தோடு தொடர்பு இல்லாமல், தமக்குத் தோன்றியதைத் தமக்குத் தோன்றிய விதத்தில் செய்தவர்களின் கலை. ழான் டுபுபே என்ற பிரெஞ்சு ஓவியர் 1940-களில் இத்தகைய படைப்புகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். ரோஜர் கார்டினல் என்ற ஆங்கிலேயர் 1972-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் இந்தப் பெயர் பரவியது. டுபுபே சேர்த்தவற்றுக்கு ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் தனி மியூசியம் திறந்த ஆண்டும் 1976 தான்.

இதை நாட்டுப்புறக் கலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அய்யனாருக்கு மண் குதிரை செய்யும் வேளார், தகப்பனிடம் கற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். வாசலில் கோலம் போடும் பெண்ணுக்குப் புள்ளிக் கணக்கைப் பாட்டியோ அம்மாவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஊர் முழுவதும் அதைப் புரிந்துகொள்ளும். வெளியாள் கலைஞனுக்கு முன்னால் வழியும் இல்லை, பின்னால் வாரிசும் இல்லை. தனி ஆள்.

நேக் சந்துக்கு முன்னோடியாக ஒருவர் இருந்தார். பிரான்சில் ஓத்ரீவ் என்ற கிராமத்தில் பெர்டினான் ஷெவால் என்று ஒரு தபால்காரர். தினமும் சுமார் 30 கிலோமீட்டர் நடந்து தபால் கொடுப்பது அவர் வேலை. 1879-ல் ஒரு நாள் போகிற வழியில் கல் தடுக்கியது. எடுத்துப் பார்த்தார், விசித்திரமான வடிவம். அன்று முதல் வழியில் கிடைக்கும் கற்களைப் பையிலும் கூடையிலும், பிறகு தள்ளுவண்டியிலும் கொண்டுவந்து, தமது தோட்டத்தில் ஓர் அரண்மனை கட்டினார். 33 ஆண்டுகள் ஆயின, 1912-ல்தான் முடிந்தது. 10,000 நாள், 93,000 மணி நேரம் என்று கணக்கையும் சுவரில் பொறித்து வைத்தார். கிராமத்தார் பைத்தியம் என்றார்கள். 1969-ல் பிரெஞ்சு அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. ஷெவால் 1924-ம் ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் நேக் சந்த் பிறந்தார்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாட்ஸ் என்ற ஏழைப் பகுதியில், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சைமன் ரோடியா என்ற தொழிலாளி, 1921-லிருந்து 1954 வரை இரும்புக் கம்பி, சிமெண்டு, உடைந்த பாட்டில், ஓடு, சிப்பி இவற்றை வைத்துத் தனி ஆளாகக் கோபுரங்கள் எழுப்பினார். உயரமான கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர். அவர் ஊரை விட்டுப் போன பிறகு, கோபுரங்கள் ஆபத்தானவை, இடிக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு போட்டது. ஆதரவாளர்கள் விடவில்லை. 1959-ல் 10,000 பவுண்டு பாரம் கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த கருவிதான் வளைந்தது, கோபுரம் அசையவில்லை.

தபால்காரர், கூலிக்காரர், ரோடு இன்ஸ்பெக்டர். மூன்று பேரும் உழைத்துச் சாப்பிட்டவர்கள். மூன்று பேரும் தங்கள் தொழிலில் கைக்கு வந்த பொருளைக் கொண்டே கட்டினார்கள். தபால்காரர் நடந்த வழியில் கல் கிடைத்தது; கட்டட வேலைக்காரர் கையில் ஓடும் சிமெண்டும் இருந்தன; ரோடு இன்ஸ்பெக்டருக்கு ஒரு நகரத்தின் குப்பையே கிடைத்தது.

சிலைக்கு ஒரு நியாயம், குடிசைக்கு ஒரு நியாயமா?

இதைப் படிக்கும்போது நம்மவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அரசாங்க நிலத்தில் அனுமதியின்றிச் சிலை வைத்தவருக்குப் பத்மஸ்ரீ. அதே நகரத்துக்குக் கல் உடைத்து ரோடு போட்ட கூலிகள் அரசாங்க நிலத்தில் குடிசை போட்டால் புல்டோசரா?

சண்டிகரில் நடந்ததும் அதுதான். 2013-ல் காலனி நம்பர் 5 என்ற பெரிய குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. 2022 மே 1-ந் தேதி, தொழிலாளர் தினத்தன்றே, காலனி நம்பர் 4 இடிக்கப்பட்டது. தகுதி உள்ளவர்கள் என்று கண்டவர்களுக்கு மலோயா என்ற இடத்தில் வாடகை வீடு ஒதுக்கினார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான். கட்ட வந்தவன் தங்குவதற்குத் திட்டத்தில் இடம் ஒதுக்காமல் போட்ட வரைபடம், பிறகு அவனை ஆக்கிரமிப்பாளன் என்கிறது. டில்லியிலும் பம்பாயிலும் குடிசை இழந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்காக நேக் சந்தின் தோட்டத்தை இடித்திருக்க வேண்டும் என்பது அர்த்தம் அல்ல. தோட்டத்துக்குக் காட்டிய பரிவை மனிதர்களுக்கும் காட்டியிருக்கலாம் என்பதுதான். பைலை மூடி வைத்துவிட்டு நேரில் போய்ப் பார்த்த சில அதிகாரிகளால் அந்தத் தோட்டம் பிழைத்தது. குடிசைகளை அப்படிப் போய்ப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. நேக் சந்தும் வீடிழந்தவர். இடித்த கிராமங்களின் வளையல் துண்டுகளைக் காப்பாற்றி வைத்தவர். அந்தத் துண்டுகளை அணிந்திருந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று சண்டிகரின் வரைபடம் சொல்லாது.

கட்டியதைக் காப்பது

தோட்டத்துக்கும் ஆபத்துகள் ஓய்ந்தபாடில்லை. 1980-களின் கடைசியில் தோட்டத்தை ஒட்டிச் சாலையும் கார் நிறுத்த இடமும் வேண்டும் என்று தகராறு கிளம்பி, கோர்ட் வரை போயிற்று. புல்டோசர் வந்தபோது பொதுமக்கள் கை கோத்து மறித்து நின்றார்கள். தோட்டம் தப்பியது. 1996-ல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணம் போயிருந்த சமயத்தில் உதவிப் பணம் நின்றது, தொழிலாளர்கள் குறைக்கப்பட்டார்கள், விஷமிகள் உள்ளே புகுந்து சிலைகளை உடைத்தார்கள். ஊர் திரும்பியவர் உடைந்த சிலைகளைத்தான் பார்த்தார். அதன் பிறகு 1997-ல் அவர் பெயரில் இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து கூடவே வேலை செய்தார்கள்.

வெளிநாட்டிலும் அவர் கைவேலை இதே பாடுபட்டது. 1986-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குழந்தைகள் மியூசியத்துக்காக அவர் ஒரு தோட்டம் செய்து கொடுத்தார். அந்த மியூசியம் 2004-ல் இடம் காலி செய்தபோது அவர் தோட்டமும் போயிற்று. சிலைகளை வேறு மியூசியங்கள் எடுத்துக் காப்பாற்றின. விஸ்கான்சின் மாநிலத்தில் ஷெபாய்கன் நகரத்துக் கலைக்கூடத்தில் இன்று அவருடைய சிலைகள் நிறைய இருக்கின்றன.

2015 ஜூன் 12-ந் தேதி, 90-வது வயதில், நேக் சந்த் சண்டிகரிலேயே காலமானார். அடுத்த ஆண்டு, 2016-ல், பக்கத்திலிருக்கும் கொர்பூசியேயின் கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. திட்டம் போட்டுக் கட்டியதற்கு உலகப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. திட்டத்தில் இல்லாததற்கு?

2025-ன் தொடக்கத்தில், ஹைகோர்ட் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தவும் வாகனங்கள் நிறுத்தவும் என்று, தோட்டத்து வெளிமதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. வெளிச்சுவர்தான், உள்ளே சிலைகளுக்குப் பாதிப்பில்லை என்றது நிர்வாகம். நகரவாசிகள் பலர் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் வந்த அதே கார்கள், அதே சாலை! அன்று நேக் சந்த் உயிரோடு இருந்தார். உடைத்தாலும் மறுபடி கட்டியிருப்பார். இன்று உடைந்தால் உடைந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

டில்லியிலிருந்து சண்டிகர் சுமார் 250 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம். குழந்தைகள் இருந்தால் அழைத்துப் போங்கள். அவர்களுக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. சிலைகளைத் தொட்டுப் பார்க்கத் தூண்டும். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பதற்கு நிறைய இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாகப் போவது நல்லது.

நம்மவர்களில் எத்தனையோ பேருக்குக் கையில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. ஆபீஸ் பழைய காகிதத்தில் படம் போடுகிறவர் உண்டு. தீக்குச்சியில் கோயில் கட்டுகிறவர், அட்டைப் பெட்டியில் கொலுப்படி செய்கிறவர் உண்டு. ஆபீஸில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பார்கள். எல்லோரும் நேக் சந்த் ஆகிவிட முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் பகல் பொழுதை உத்தியோகத்துக்குக் கொடுத்த பிறகும் நமக்கென்று கொஞ்சம் பொழுது மிஞ்சுகிறது.

வேற்றூர்க்காரராக வந்த அந்த ரோடு இன்ஸ்பெக்டர், மிஞ்சிய பொழுதில் மிஞ்சிய பொருளைக் கொண்டு அந்த ஊரில் தமக்கு ஓர் இடம் உண்டாக்கிக்கொண்டார். இன்று சண்டிகருக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிக்கும் இடங்களில் ஒன்று அது. அங்கே நுழையும்போது, அவர் கட்டிய தாழ்வான வாசலில், எல்லோரும் தலை குனிகிறார்கள்.